வாய் திறவா முதுமை

அடித்த மகனையும் தாய் காட்டிக்கொடாள். “வழுக்கி விழுந்தேன்” என்பாள். விழுவதால் இரு மேற்கைகளிலும் விரற்றடம் பதியுமோ? படுக்கைப் புண், மாற்றாத உடை, மெலிந்த உடல், மகனைக் கண்டதும் அடங்கும் பேச்சு, பிறர் கையிலுள்ள ஓய்வூதியப் பொத்தகம் – இவையே அவள் கூறாத முறையீடுகள்.

“அது அவர்கள் வீட்டு வழக்கு” என்று அண்டையார் ஒதுங்குவது கொடுமைக்குத் துணைபோவதேயாகும். முதியோரைக் கைவிடுவார்க்கு 3 திங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகின்றது. பேணுவதாக ஒப்பி எழுதி வாங்கிய உடைமையையும் அச்சட்டத்தால் மீட்கலாம். தாமே முறையிட இயலாதார்க்காக, அவர் இசைவு பெற்ற எவரும் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகலாம். 14567 என்னும் முதியோர் உதவி எண்ணும் உண்டு.

மகன் இல்லாப் பொழுதில், தனித்து, அன்பாய் வினவுக. அவள் வாய் திறவாள்; கண்டவரேனும் திறத்தல் வேண்டும்.