கோபுரத்தைக் கடந்தவர் எல்லாம் பக்தரா?

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தடியில் ஒருவர் உட்கார்ந்து, உள்ளே போகும் தலைகளை எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொழுது சாய்வதற்குள் பெரிய எண் ஒன்று கிடைத்துவிடும். அதில் பெருமாளைச் சேவிக்க வந்தவர் எத்தனை பேர்? ஏழு பிராகாரங்களில் வெளிப்பிராகாரங்கள் குடியிருப்பும் கடைவீதியும்தான். சித்திரை வீதி வீட்டுக்காரர், காய்கறி வாங்கப் போனவர், ஆட்டோக்காரர் எல்லோரும் கணக்கில் ஏறியிருப்பார்கள்.

மாதாமாதம் வாடிக்கையாளரிடம் நீட்டப்படும் இணையதள வருகை அறிக்கைகளில் பெரும்பாலானவை இந்தக் கோபுரக் கணக்குதான்.

2021 பிப்ரவரியில் விக்கிமீடியா பொறியாளர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். விக்கிமீடியா பொதுவகத்தில் இருந்த ஓர் ஆஸ்டர் பூவின் படத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 9 கோடி கோரிக்கைகள்! தரவு மையம் ஒன்றுக்கு வந்த படக் கோரிக்கைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒற்றைப் பூவுக்கு. எல்லாம் இந்தியாவிலிருந்து. பதிவுகளைப் பின்னோக்கிப் புரட்டினால், ஏற்றம் தொடங்கிய நாள் 2020 ஜூன் 30. டிக்டாக் தடை அறிவிக்கப்பட்டதற்கு மறுநாள். அந்தத் தேதிதான் துப்பு. தடைக்குப் பின் இந்தியாவில் பரவலாகிவிட்ட ஒரு செயலி, திறக்கும்போதெல்லாம் அந்தப் படத்தை இறக்கிக்கொண்டிருந்தது. திரையில் காட்டவுமில்லை. அத்தனை கோடியில் பூவைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. கூகுள் அனலிட்டிக்ஸ் 4, பத்து விநாடிக்குமேல் தங்காமல், இரண்டாம் பக்கம் போகாமல், குறித்துவைத்த முக்கியச் செயல் எதுவும் செய்யாமல் கிளம்பும் வருகையை ‘பவுன்ஸ்’ என்று எழுதிவிடும். பஞ்சாங்கத் தளத்தில் ராகு காலம் பார்க்க வருபவருக்கு ஆறு விநாடி போதும். வந்த காரியம் முடிந்தது; அறிக்கையிலோ அவர் ஏமாந்து திரும்பியவர். அதைக் கண்டு பதறி, விடையைப் பக்கத்தின் அடியில் ஒளித்துவைப்பவர்களை என்ன சொல்ல?

திருச்சி கைலாசபுரத்துக் குடியிருப்பில், கொதிகலன் செய்யும் பெல் (BHEL) நிறுவன ஊழியர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: கொதிகலனின் நீர்மட்டத்தைப் பார்க்க ஒரே ஒரு அளவியை நம்பி யாரும் விடுவதில்லை. தளத்துக்கும் அதுவே பொருந்தும். பக்கத்தில் பதித்த நிரல்துண்டு, அது ஓடும் பிரவுசர்களை மட்டுமே எண்ணும். சர்வர் லாக் தன்னிடம் வரும் கோரிக்கைகள் எல்லாவற்றையும் எண்ணும், தானியங்கி பாட்களையும் சேர்த்து. ஆஸ்டர் கதை பக்க நிரலில் ஒருநாளும் தெரிந்திருக்காது, லாகில்தான் தெரிந்தது. இரண்டையும் அருகருகே வைத்து, இடைவெளி திடீரென விரியும் நாளைத் தேட வேண்டும்.

இன்னொன்று, வாட்ஸ்அப். அங்கே பகிரப்படும் சுட்டி வழியாக வருபவர் பெரும்பாலும் ‘நேரடி வருகை’ என்ற மூட்டைக்குள் விழுந்துவிடுகிறார். தமிழ்த் தளங்களில் அந்த மூட்டை கனமாக இருந்தால், முகவரியைத் தட்டச்சு செய்து வந்த விசுவாசிகள் என்று மகிழ வேண்டாம். பகிரும் சுட்டியின் வாலில், வருகை எங்கிருந்து என்று சொல்லும் யுடிஎம் குறியை ஒட்டி அனுப்பிவிட்டு, இரண்டு வாரம் கழித்து அதே மூட்டையை மறுபடி பிரித்துப் பார்க்கலாம்.