கடைசி நாற்காலி

சீட்டைப் பார்க்காமல் சீட்டாட முடியுமா?

முடியும் என்று காட்டியவர் அனெட் ஓப்ரெஸ்டாட். நார்வே நாட்டுப் பெண். 2007-ல் இன்டர்நெட்டில் 180 பேர் கலந்துகொண்ட ஒரு சின்ன போக்கர் பந்தயத்தில், தன் சீட்டுகளை மறைத்து வைத்துக்கொண்டே ஆடி முதல் பரிசு வாங்கினார். நடுவில் ஒரே ஒரு தடவைதான் எட்டிப் பார்த்தாராம். அதே வருஷம் செப்டம்பரில் லண்டனில் உலக போக்கர் தொடரின் ஐரோப்பியப் போட்டி. ஆடியவர்கள் 362 பேர். பரிசு 10 லட்சம் பவுண்டு. ஜெயித்தபோது அம்மணிக்கு வயது 18. மறுநாள்தான் 19-வது பிறந்தநாள். லாஸ் வேகாஸாக இருந்தால், 21 வயது ஆகவில்லை என்று மேஜையில் உட்காரவே விட்டிருக்க மாட்டார்கள்.

இதை என் தாய்மாமாவிடம் சொன்னேன்.

"பார்த்துப் பார்த்து ஆடியே எனக்கு ஃபுல்லு மேல ஃபுல்லு மாப்ளே. அந்தப் பொண்ணு சீட்டைப் பார்க்காம வேற எதைப் பார்த்துச்சாம்?" என்றார்.

நல்ல கேள்வி. எதிராளிகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். தான் எந்த நாற்காலியில் இருக்கிறோம் என்று பார்த்தார். இந்த வாரம் நாற்காலியைப் பற்றி.

ரம்மி தெரிந்தவர்களுக்கு போக்கர் பெரிய வித்தை இல்லை. ஒன்பது பேர் மேஜை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்தபடி. பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று, ஆக ஐந்து சீட்டு திறப்பார்கள். கையிலுள்ள இரண்டும் மேஜையிலுள்ள ஐந்தும் சேர்த்து யாருக்கு நல்ல ஐந்து சீட்டு அமைகிறதோ அவருக்குப் பணம். நடுநடுவே நான்கு தடவை பந்தயச் சுற்று.

மேஜையில் 'பட்டன்' என்று ஒரு வெள்ளை வில்லை இருக்கும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அது கடிகார முள் போகிற திசையில் ஓர் ஆள் நகரும். பட்டனுக்கு அடுத்த இருவரும் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கட்டாயமாகப் பணம் வைக்க வேண்டும். ஒருவர் 50 வைத்தால் அடுத்தவர் 100. நம் மூணு சீட்டில் 'பிளைண்ட்' ஆடுகிறோமே, அதே பெயர்தான். ஆனால் இங்கே பிரியப்பட்டு வைப்பது இல்லை. வாடகை மாதிரி.

முதல் சுற்றில் 100 வைத்தவருக்கு அடுத்தவர் வாயைத் திறக்க வேண்டும். மூன்று பொதுச் சீட்டு திறந்த பிறகோ, ஒவ்வொரு சுற்றிலும் பட்டன்காரர்தான் கடைசியாகப் பேசுவார்.

கடைசியாகப் பேசுவதில் என்ன லாபம்? நான் பி.காம். கணக்கில் சொன்னால்தான் எனக்கே புரியும்.

உங்கள் கையில் ராஜாவும் ஜாக்கியும். வேறு வேறு ஜாதி. பார்க்க லட்சணமான சீட்டு. முதலில் பேசும் நாற்காலியில் இருக்கிறீர்கள் என்றால், உங்களுக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பேர். அவர்களில் யாராவது ஒருவரிடமாவது ஜோடிச் சீட்டு இருக்க வாய்ப்பு சுமார் 38 சதவீதம். ஆஸ், ராணி வைத்துக்கொண்டு உங்களை முழுங்கக் காத்திருப்பவர்கள் தனி. அதே ராஜா-ஜாக்கி பட்டனில் வருகிறது, உங்களுக்கு முன்னால் எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று வையுங்கள். மிச்சம் இரண்டே பேர். ஜோடி இருக்கும் வாய்ப்பு சுமார் 11 சதவீதம். சீட்டு மாறவில்லை. நாற்காலி மாறிவிட்டது.

ஆகவே, முதல் நாற்காலியில் ராஜா-ஜாக்கியைக் கும்பிட்டுக் கவிழ்த்துவிட வேண்டும். கடைசி நாற்காலியில் 250 என்று தைரியமாகச் சொல்லலாம். பிளைண்ட் வைத்த இருவரும் 'வேண்டாம்ப்பா' என்று விலகினால் 150 உங்களுக்கு. சீட்டைக் காட்டவே தேவையில்லை. ஓப்ரெஸ்டாட் பார்க்காமல் ஜெயித்த சூட்சுமத்தில் பாதி இதுதான்.

பொதுச் சீட்டு திறந்த பிறகும் அதே கதை. எதிராளி 'செக்' என்கிறார், அதாவது 'நான் ஒன்றும் வைக்கவில்லை'. அவரிடம் சரக்கு குறைவோ என்று யோசிக்க உங்களுக்கு ஒரு தகவல் கிடைத்துவிட்டது. பணம் வைத்து விரட்டிப் பார்க்கலாம். அல்லது நீங்களும் செக் சொல்லி அடுத்த சீட்டை இலவசமாகப் பார்க்கலாம். முதலில் பேசுகிறவருக்கு இந்த இரண்டு சௌகரியமும் இல்லை. அவர் இருட்டில் கை விட்டுத் துழாவுகிறார்.

அதற்காகக் கடைசி நாற்காலி கிடைத்தவர்கள் எல்லாம் ஆட வேண்டாம். உங்களுக்கு முன்னால், அதுவும் முதல் நாற்காலியிலிருந்து, ஒருவர் கணிசமாக ஏற்றியிருந்தால், எட்டுப் பேருக்கு பயப்படாமல் ஏற்றியிருக்கிறார் என்று அர்த்தம். பட்டனிலிருந்தாலும் ராஜா-ஜாக்கியை மரியாதையாகக் கவிழ்த்துவிடவும். கடைசி இடத்தின் பலம் துணிச்சல் இல்லை. மற்றவர்கள் சொன்னதைக் கேட்க முடிவது.

மாமா இதைப் படிக்காமலே கண்டுபிடித்தவர். கல்யாணத்துக்கு முதல்நாள் ராத்திரி மண்டபத்தில் ஜமக்காளம் விரித்ததும் உடனே உட்கார மாட்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிற்பார். யார் கழிக்கிற சீட்டு தனக்கு வருமோ அந்த இடத்தில் ஒரு அவசரக்குடுக்கை உட்கார்ந்த பிறகுதான் வேட்டியை மடித்துக்கொண்டு அமர்வார். அப்படியும் ஃபுல் வாங்குவார் என்பது வேறு விஷயம். நாற்காலி பாதிதான் ஆடும். மீதியை நாம் ஆட வேண்டும்.

எனக்கு இதெல்லாம் லேட்டாகத்தான் புரிந்தது.

2013-ல் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலைக்கு இன்டர்வியூ. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். "எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்றார் நடுவில் இருந்தவர். நான் முதல் நாற்காலியில் இருக்கிறேன் என்றே தெரியாமல், "பன்னிரண்டாயிரம் சார்" என்றேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே நாள் அதே வேலைக்கு வந்த இன்னொருவன், "நீங்க என்ன சார் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறான். இருபதாயிரம் என்றார்களாம். மூன்று வருஷம் பக்கத்துப் பக்கத்து ஸீட். வேலையை விடுகிற அன்றைக்குத்தான் டீக்கடையில் சொன்னான். மாதம் 8,000 வீதம் 36 மாதம். 2,88,000 ரூபாய்.

அக்கா கல்யாணத்துக்காகத் தாத்தா வீட்டை அடகு வைத்திருந்தார் அப்பா. மீட்கக் குறைந்த தொகை இரண்டரை லட்சம். 2016-ல் வீடு கையை விட்டுப் போனது. அப்பா யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையிலிருந்த ஈஸிசேரை மட்டும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். டீக்கடைக் கணக்கை நான் இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

இதைப் படித்துவிட்டு செல்போனில் போக்கர் தேட வேண்டாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் சொல்வேன், வேண்டாம். புளியங்கொட்டை வைத்து ஆடுங்கள். பட்டன் எங்கே இருக்கிறது என்று பார்க்கப் பழகினால் போதும். சம்பளம், வாடகை, பழைய பைக் விலை, எல்லா மேஜையிலும் ஒரு பட்டன் இருக்கிறது.

போன மாதம் இந்தப் பத்தி சம்பந்தமாக ஆசிரியர் இலாகாவிலிருந்து போன்.

"வாரா வாரம் எழுதணும். எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?"

"நீங்க வழக்கமா என்ன சார் தர்றீங்க?"

அந்தப் பக்கம் மௌனம். இந்தப் பக்கமும் மௌனம். அவரும் போக்கர் ஆடுவார் போலிருக்கிறது. சமையலறையிலிருந்து என் மனைவி, "என்னங்க, போன்ல யாரு? சத்தத்தையே காணோம்!" என்றாள். அது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். சிரித்துவிட்டு ஒரு தொகை சொன்னார்.

நான் மனசில் வைத்திருந்ததைவிட வாரத்துக்கு 500 ரூபாய் அதிகம்.

இந்த வாரம் போக பாக்கி 2,87,500. இன்னும் 575 வாரம் எழுதினால் கணக்கு நேராகிவிடும். கிட்டத்தட்ட பதினோரு வருஷம். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.