கோ-பிரதர்னா என்ன குறைச்சல்?

போன ஞாயித்துக்கிழமை என் சகலை புனேக்கு வந்திருந்தார். எதிர் ஃப்ளாட் மராட்டிக்காரர் கிட்ட "மை கோ-பிரதர்"னு அறிமுகப்படுத்தினேன். ராத்திரி, பத்தாவது படிக்கிற என் பொண்ணு புடிச்சுக்கிட்டா. "அப்பா, மானத்தை வாங்காதீங்க. அப்படி ஒரு வார்த்தையே இங்கிலீஷ்ல கிடையாது. பிரதர்-இன்-லா!"

பிரதர்-இன்-லாவாம்! பொண்டாட்டியோட தம்பி, அக்கா புருஷன், புருஷனோட தம்பி, எல்லாருக்கும் அதே வார்த்தைதான். மச்சினன், அத்தான், கொழுந்தன், சகலை நாலு பேரையும் ஒரே அக்கவுண்ட்ல வரவு வைக்கிற பாஷைக்கு முன்னாடி நாம வெட்கப்படணுமா? (பேங்க்காரன் புத்தி, வேற உதாரணம் வரலை.)

எதிர் வீட்டுக்காரர் சிரிக்கவே இல்லை. "ஓ, ஸாடூ!"ன்னு கை குடுத்தார். மராட்டியில ஸாடூ, இந்தியிலயும் ஸாடூ, தெலுங்குல தோடல்லுடு, கன்னடத்துல ஷட்டக. ஊர் பூரா இருக்கிற உறவுக்கு இங்கிலீஷ்ல பேர் இல்லைன்னா, நாமதான் ஒண்ணு வைக்கணும். வெச்சுட்டோம்.

அதுக்காக தப்பா பேசுங்கன்னு சொல்லலை மக்களே. "ஷி மேரீட் வித் எ டாக்டர்" தப்புதான். "ஷி மேரீட் எ டாக்டர்" போதும், இல்லேன்னா "மேரீட் டு". பத்திரிகை குடுக்கும்போது "மை டாட்டர்ஸ் வெட்டிங்"னு சொல்லுங்க. விழா வெட்டிங், அதுக்கப்புறம் வாழறது மேரேஜ். வரன் விளம்பரத்துல "ஹோம்லி கேர்ள்"னு போட்டு அமெரிக்காவுக்கு அனுப்பாதீங்க. அங்கே அதுக்கு அர்த்தம், பார்க்க சுமாரான பொண்ணு! இதெல்லாம் திருத்திக்க வேண்டியது. கோ-பிரதர் அந்த லிஸ்ட்ல வராது. வெள்ளைக்காரனுக்குப் புரியலைன்னா "மை வைஃப்ஸ் சிஸ்டர்ஸ் ஹஸ்பண்ட்"னு விளக்கிட்டுப் போங்க.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னா, டெல்லியில இருந்தப்போ இதே மனுஷரை ஒரு ஆபீஸ் பார்ட்டியில "ஃப்ரெண்ட்"னு சொல்லிட்டேன். இங்கிலீஷைப் பார்த்து சிரிச்சுடுவாங்களோன்னு பயம். நான் வீடு வாங்க முன்பணம் குடுத்தவர் அவர். ஒண்ணும் சொல்லலை. நாலு நாள் இருக்கறதா வந்தவர், மறுநாளே ஊருக்குக் கிளம்பிட்டார்.

பொண்ணுகிட்ட இதைச் சொன்னேன். இங்கிலீஷ்ல நூத்துக்கு நூறு வாங்கும்மா, சந்தோஷம். ஆனா பெரியப்பாவை வெறும் அங்கிள் ஆக்கிடாதே.