செயலியில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம்... கோளாறு எங்கே?

கேள்வி: செல்போன் செயலியில் தமிழைத் தேர்வு செய்த பிறகும் சில வரிகள் ஆங்கிலத்திலேயே வருகின்றன. இது போனில் உள்ள கோளாறா, செயலியில் உள்ள கோளாறா?
- வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்.

பதில்: பெரும்பாலும் போனில் கோளாறு இருக்காது. செயலி காட்டும் தமிழ் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் விஷயம் புரிந்துவிடும்.

தமிழைத் தேர்வு செய்தவுடன், ஆங்கில வரிகளை போன் அந்த நிமிடமே மொழிபெயர்த்துக் கொடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான செயலிகளில் அப்படி நடப்பதில்லை. செயலியில் வரக்கூடிய வாசகங்களை முன்கூட்டியே தமிழில் எழுதி, ஒரு பட்டியலாக உள்ளே வைத்துவிடுகிறார்கள். ஆங்கிலத்துக்கு ஒரு பட்டியல், தமிழுக்கு ஒரு பட்டியல், இந்திக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாக இருக்கும்.

இதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அடங்கலோடு ஒப்பிடலாம். சர்வே எண்ணைச் சொன்னால், அந்த எண்ணுக்கு எதிரே என்ன பயிர் என்று பார்த்துச் சொல்லிவிடுவார். செயலியிலும் ஒவ்வொரு வாசகத்துக்கும் அதுபோல ஓர் அடையாளப் பெயர் உண்டு. திரையில் ஒரு வரியைக் காட்ட வேண்டிய நேரத்தில், செயலி அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கும். போன் தமிழ்ப் பட்டியலைத் திறந்து, அந்தப் பெயருக்கு எதிரே உள்ள வரியை எடுத்துக் கொடுக்கும்.

தமிழ்ப் பட்டியலில் அந்த இடம் காலியாக இருந்தால்? திரையை வெறுமையாக விட முடியாது. அதனால், பொதுப் பட்டியலில் இருக்கும் வரியை எடுத்துக் காட்டிவிடும். அந்தப் பொதுப் பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழுக்கு நடுவே ஆங்கிலம் தலைகாட்டினால், அந்த வரியை யாரும் இன்னும் தமிழில் எழுதவில்லை என்று பொருள்.

‘நேற்று வரை தமிழில் இருந்த வரி, அப்டேட் செய்த பிறகு ஆங்கிலமாகிவிட்டது’ என்பதும் பலரும் சொல்லும் குறை. கணினி மென்பொருள்கள் பலவற்றில், ‘கெட்டெக்ஸ்ட்’ என்ற முறையில் இந்தப் பட்டியல் தயாராகிறது. 1995-ம் ஆண்டு முதல் இது இலவச மென்பொருளாகவும் கிடைக்கிறது. இதில் ஆங்கில வாக்கியமே அடையாளப் பெயராக இருக்கும். ஆங்கில வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும், பழைய தமிழ் வரி ‘சரிபார்க்க வேண்டியது’ என்று தனியாக ஒதுக்கப்பட்டுவிடும். யாராவது பார்த்து ‘சரி’ என்று சொல்லும் வரை ஆங்கிலமே வரும். தவறான தமிழைக் காட்டுவதைவிட ஆங்கிலத்தைக் காட்டுவதே மேல் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது.

செயலி முழுவதுமே ஆங்கிலத்தில் வந்தால், போன் செட்டிங்ஸைப் பார்க்க வேண்டும். 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக மொழியைத் தேர்வு செய்யும் வசதி இருக்கிறது. ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஆப்ஸ்’ என்பதைத் தொட்டு, குறிப்பிட்ட செயலியைத் திறந்தால், ‘லாங்குவேஜ்’ என்று இருக்கும். அங்கே தமிழைத் தேர்வு செய்யலாம். போன் தயாரிப்பைப் பொறுத்து இந்த இடம் சற்று மாறும். சில செயலிகள் மொழியைத் தங்களுடைய மெனுவிலேயே கேட்கும். எங்குமே தமிழ் இல்லையென்றால், அந்தச் செயலியில் தமிழ்ப் பட்டியலே இல்லாமல் இருக்கலாம்.

*

கேள்வி: பட்டன்கள் எல்லாம் தமிழில் இருக்கின்றன. ஆனால், ‘விண்ணப்பம் ஏன் நிற்கிறது’ என்ற முக்கியமான தகவல் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறதே, ஏன்?
- வாசகி, பெரம்பலூர் மாவட்டம்.

பதில்: இந்தத் தகவல் போனில் இருக்கும் பட்டியலிலிருந்து வருவதில்லை. ‘சேமி’, ‘அடுத்து’, ‘முகப்பு’ போன்றவை எப்போதும் மாறாத சொற்கள். அவற்றை முன்கூட்டியே எழுதிவைத்துவிட முடியும். விண்ணப்பத்தின் நிலை, நிராகரித்ததற்கான காரணம் போன்றவை, அலுவலகத்தின் சர்வரிலிருந்து அந்த நேரத்தில் வந்து சேர்பவை. அங்கே ஆங்கிலத்தில் பதிவு செய்திருந்தால், போனில் எத்தனை முறை மொழியை மாற்றினாலும் ஆங்கிலமே வரும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை போல குறிப்பிட்ட வயல்களை மட்டும் தாக்கும் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். படம் எடுத்து, விவரம் நிரப்பி, பட்டனைத் தொட்ட பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ‘பதிவாகிவிட்டது’ என்றும் சொல்லலாம், ‘பதிவாகவில்லை, மீண்டும் முயலவும்’ என்றும் சொல்லலாம். சுற்றிலும் தமிழ் இருக்கிறதே என்று, புரியாத அந்த ஒரு வரியைத் தள்ளிவிட்டுப் போனால், கெடு முடிந்த பிறகுதான் உண்மை தெரியவரும்.

எனவே, புரியாத வரி வந்தால் உடனே திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ள வேண்டும். விண்ணப்ப எண் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண் வராவிட்டால், பதிவாகவில்லை என்றே எடுத்துக்கொண்டு விசாரிப்பதுதான் பாதுகாப்பு. பயிர்க் காப்பீட்டுக்கு 14447 என்ற உதவி எண் இருக்கிறது. வேளாண்மை அலுவலரிடமும் கேட்கலாம். ஸ்கிரீன்ஷாட்டை வெளியாட்களிடம் காட்டும்போது, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி ஆகியவை அதில் தெரியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

*

கேள்வி: போட்டோவைச் சுருக்கும் இடத்தில் ‘பயிர்’ என்று வருகிறது. படிவத்தில் பெயர் எழுதும் கட்டத்தை ‘வயல்’ என்கிறது. இப்படிப்பட்ட தமிழை யார் திருத்துவது?
- வாசகர், தேனி மாவட்டம்.

பதில்: ஆங்கிலத்தில் ‘கிராப்’ என்றால் பயிர் என்றும் பொருள், படத்தின் ஓரத்தை வெட்டுவது என்றும் பொருள். ‘ஃபீல்டு’ என்பது வயலையும் குறிக்கும், படிவத்தில் நிரப்ப வேண்டிய கட்டத்தையும் குறிக்கும். மொழிபெயர்ப்பவர் கையில் பெரும்பாலும் பட்டியல் மட்டும்தான் இருக்கும், திரை இருக்காது. ஒற்றைச் சொல்லைப் பார்த்து எழுதும்போது, இப்படி இடம் மாறிவிடுகிறது. இயந்திர மொழிபெயர்ப்பை யாரும் சரிபார்க்காமல் அப்படியே பட்டியலில் சேர்த்தாலும் இதே கதைதான்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. ‘இந்தச் சொல் போட்டோவை வெட்டும் பட்டனில் வருகிறது’ என்று பட்டியலிலேயே குறிப்பு எழுதிவைக்க முடியும். ஒரே சொல்லுக்கு இடத்துக்கு ஏற்ப இரண்டு தமிழ் வரிகளையும் வைக்க முடியும். செயலியைத் தயாரிப்பவர்கள் அதைச் செய்ய வேண்டும்.

வாக்கியம் கோணலாக வருவதற்கும் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் ‘அனுப்பப்பட்டது’ என்ற வினை முன்னால் வரும், தொகையும் பெயரும் பின்னால் வரும். தமிழில் வினை கடைசியில் வர வேண்டும். முழு வாக்கியத்தையும் கோடிட்ட இடங்களோடு ஒரே வரியாகக் கொடுத்தால், மொழிபெயர்ப்பவர் தமிழ் முறைப்படி இடத்தை மாற்றிக்கொள்வார். துண்டு துண்டாகக் கொடுத்து ஒட்டினால், ‘அனுப்பப்பட்டது 500 ரூபாய்க்கு முருகன்’ என்றுதான் வரும். பணம் போனதா, வந்ததா என்றே குழம்ப வேண்டியிருக்கும்.

திருத்தச் சொல்ல, பயன்படுத்துகிறவர்களுக்கு உரிமை இருக்கிறது. ‘தமிழ் சரியில்லை’ என்று பொதுவாக எழுதினால் எந்த வரி என்று அவர்களுக்குத் தெரியாது. எந்தத் திரை, என்ன சொல் வருகிறது, அங்கே என்ன சொல் வர வேண்டும் என்று மூன்றையும் எழுதி, ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்ப வேண்டும். ‘பிளே ஸ்டோர்’ பக்கத்திலேயே செயலியை உருவாக்கியவரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். பட்டியலில் அந்த ஒரு வரியைத் திருத்தி அடுத்த அப்டேட்டில் வெளியிட்டால், அதைப் பயன்படுத்தும் அத்தனை தமிழர்களுக்கும் சரியாகிவிடும்.

ஆர்வம் உள்ளவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற மென்பொருள்களின் தமிழ் வரிகளில் தன்னார்வலர்களின் உழைப்பு இருக்கிறது. புதியவர்களும் சேரலாம். புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஓரளவு ஆங்கிலமும், பேச்சில் புழங்கும் நல்ல தமிழும் போதும். ஊரில் கல்லூரி செல்லும் பிள்ளைகள் இதை எடுத்துச் செய்யும்போது, பக்கத்தில் இருக்கும் பெரியவர்களிடம் ஒருமுறை வாசித்துக்காட்டி, ‘புரிகிறதா’ என்று கேட்டுக்கொள்வது நல்லது.