முப்பதாயிரம் ரூபாய்க் காது!

சேலம் புது பஸ் நிலையத்தில் மாலை நேரத்தில் சற்று நின்று பாருங்கள். நாமக்கல், திருச்செங்கோடு, ஆத்தூர், மேட்டூர் என்று நாலாபக்கமும் கூப்பாடு. ஏர் ஹாரன் காதைப் பிளக்கிறது. இந்த அமளிக்கு நடுவே ஒரு வாலிபர் நிற்கிறார். தலைக்கு மேல் ஒரு வளைவு. இரண்டு காதிலும் இரண்டு கிண்ணம். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறார். அவரைப் பொறுத்தவரை பஸ் நிலையமே இல்லை!

அவர் மாட்டியிருக்கும் ஹெட்போனின் விலை என்ன? ஆயிரமாக இருக்கலாம், முப்பதாயிரமாகவும் இருக்கலாம். பார்த்தால் தெரியாது.

காதில் மாட்டிக் கேட்டால் தெரியுமா? முப்பதாயிரம் கொடுத்தால் முப்பது மடங்கு இனிமையாகக் கேட்குமா? இந்தக் கேள்விக்குக் கடைக்காரர் ஒரு பதில் சொல்வார், விளம்பரம் ஒரு பதில் சொல்லும். சேலம், நாமக்கல் சீமையில் வாழ்கிறவர்களுக்கு இரண்டுமே போதாது. இங்கே உள்ள வெயில் வேறு, இங்கே உள்ள சத்தம் வேறு.

சமையல் அறையில் பிறந்தது

இன்றைய ஹெட்போனுக்கு முன்னோடி அமெரிக்காவில் பிறந்தது. யூட்டா மாகாணத்தைச் சேர்ந்த நதானியல் பால்ட்வின் என்பவர் 1910-ம் ஆண்டு வாக்கில் தம் வீட்டுச் சமையல் அறையில் உட்கார்ந்து கையாலேயே செய்தார். முதலில் வாங்கியது அமெரிக்கக் கடற்படை. பாட்டுக் கேட்க அல்ல, கம்பியில்லாத் தந்தி கேட்க! வீட்டில் உட்கார்ந்து சங்கீதம் கேட்பதற்கென்று ஸ்டீரியோ ஹெட்போன் வந்தது 1958-ல். அதைக் கொண்டு வந்தவர் ஜான் காஸ்.

தலையில் ஹெட்போன் மாட்டிய மனிதர் சேலத்துக்குப் புதியவர் அல்ல. ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் 1935-ல் ஆரம்பித்த மாடர்ன் தியேட்டர்சில் நூறு படங்களுக்கு மேல் உருவாயின. பேசும் படம் எடுக்கும் இடத்தில் ஒலிப்பதிவாளர் இல்லாமல் ஒரு காட்சியும் நகராது. நடிகர் பிரமாதமாக நடித்திருப்பார். ஆனால் தூரத்தில் ஒரு லாரி உறுமியது ஒலிப்பதிவாளர் காதில் விழுந்துவிட்டால், மறுபடியும் முதலிலிருந்து எடுக்கவேண்டியதுதான்! அவருக்கு ஹெட்போன் ஒரு கருவி, தச்சனுக்கு உளி மாதிரி. அது அழகாக இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை.

இன்று அது கருவியாகவும் இருக்கிறது, நகையாகவும் இருக்கிறது. குழப்பமே அங்கேதான் ஆரம்பம்.

விலையும் நாதமும்

2017-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 283 வகை ஹெட்போன்களை எடுத்து, தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை ஒவ்வொன்றும் எப்படி ஒலிக்கிறது என்று அளந்தார்கள். பிறகு அந்த அளவையும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முடிவு என்ன? இரண்டுக்கும் சம்பந்தமே தெரியவில்லை! மலிவானதிலும் சீரான நாதம் உண்டு, விலை உயர்ந்ததிலும் கோணல் உண்டு.

அப்படியானால் கூடுதல் பணம் எல்லாம் வீணா? அப்படியும் சொல்லிவிட முடியாது. பணம் நாதத்துக்கு மட்டும் போவதில்லை. பாட்டரி, கம்பியில்லாத் தொடர்பு, வெளிச் சத்தத்தை அடக்கும் நுட்பம், தலையில் உட்காரும் மெத்தை, பழுது பார்க்கும் வசதி எல்லாவற்றுக்கும் போகிறது. பெயருக்கும் போகிறது; அது கொஞ்சம் அல்ல.

இதற்கு ஓர் உச்சியும் உண்டு. ஜெர்மனியின் சென்ஹைசர் கம்பெனி 2015-ல் அறிவித்த எச்.இ.1 என்ற ஹெட்போனின் அப்போதைய விலை சுமார் 50,000 யூரோ. சலவைக்கல் பீடத்தோடு வரும். அந்தப் பணத்தில் பள்ளிபாளையத்தில் ஒரு தறிப்பட்டறையே போட்டுவிடலாம்! அதை வாங்குகிறவர் பாட்டுக் கேட்கத்தான் வாங்குகிறார் என்று நம்புவது கொஞ்சம் சிரமம்.

எதைக் கேட்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக நடந்து போவதை நல்ல ஹெட்போன் எடுத்துக் காட்டும். சாதாரணக் கருவியில் அது தவில் சத்தத்தோடு கலந்து வெறும் ‘தும் தும்’ என்று கேட்கும். இது உண்மையான வித்தியாசம், காசு கொடுக்கத் தகுந்த வித்தியாசம்.

ஆனால் பழைய பாட்டுப் பிரியர்களின் கதை வேறு. மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-ல் கொடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ காலத்துப் பாட்டுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவை ஒற்றைத் தடத்தில் பதிவானவை. இடது காதுக்கு வீணை, வலது காதுக்கு மிருதங்கம் என்று பிரிக்க அங்கே ஒன்றும் இல்லை. மிக உயர்ந்த ஒலிகள் அந்தக் காலத்துப் படச்சுருளில் ஏறவே இல்லை. இந்தப் பாட்டை முப்பதாயிரம் ரூபாய் ஹெட்போனில் கேட்டால், பாட்டைவிடப் பின்னால் இருக்கும் ‘உஸ்’ என்ற இரைச்சல்தான் தெளிவாகக் கேட்கும்! டி.எம்.எஸ். குரலுக்காகக் கேட்பவருக்கு நடுத்தர விலையே தாராளம்.

வெயிலும் தோடும்

நாதத்தைப் பற்றி வெளிநாட்டார் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். சௌகரியத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள். ஆனால் அவர்கள் எழுதுவது குளிர்ந்த அறையில் உட்கார்ந்து. ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அந்த வெயிலில் தோல் மெத்தை வைத்த கிண்ணத்தைக் காதில் கவிழ்த்தால் கால் மணி நேரத்தில் காது வேர்த்துக் கொட்டுகிறது. வேர்வை பட்டுப்பட்டு மெத்தையின் மேல்தோல் உரிந்து, கறுப்புச் செதிலாகக் கன்னத்தில் ஒட்டுகிறது.

வெல்வெட் துணி மெத்தை வைத்தவை உண்டு, முதுகுப் பக்கம் திறந்த கிண்ணங்களும் உண்டு. காற்றோட்டம் இருக்கும், பாட்டும் காதுக்குள் அடைபடாமல் அறையில் கேட்பதுபோல் விரிந்து கேட்கும். சென்ஹைசர் எச்.டி. 600 அந்த ஜாதிதான். 1997-ல் வந்தது, சுமார் 260 கிராம் எடை, மெத்தை கிழிந்தால் வேறு மெத்தை வாங்கிப் போடலாம். வீட்டில் இரவு நேரத்தில் கேட்பவருக்கு இதைவிடச் சுகம் இல்லை. ஆனால் திறந்த கிண்ணம் வழியே தெருச் சத்தமும் தாராளமாக உள்ளே வரும். ஜன்னலுக்கு வெளியே தறி ஓடினால் பாட்டும் தறியும் சேர்ந்தே கச்சேரி செய்யும்!

எடையும் முக்கியம். ஆப்பிள் கம்பெனியின் ஏர்பாட்ஸ் மாக்ஸ் 2020-ல் வந்தபோது இந்தியாவில் விலை 59,900 ரூபாய், எடை சுமார் 385 கிராம். அதில் பாதி விலைக்குக் கிடைக்கும் சோனி எக்ஸ்.எம்.5 சுமார் 250 கிராம்தான். இசை நிபுணர்கள் கொண்டாடும் சில பெரிய ஹெட்போன்கள் அரைக் கிலோவைத் தாண்டும். கடையில் ஐந்து நிமிஷம் போட்டுப் பார்க்கும்போது அரைக் கிலோ ஒன்றும் செய்யாது. ஒரு மணி நேரம் கழித்துக் கழுத்து சொல்லும்.

வெளிநாட்டார் எழுதாத இன்னொரு சங்கதி, தோடு! காதில் தோடும் ஜிமிக்கியும் போட்ட பெண்ணுக்கு இறுக்கமான ஹெட்போன் ஒரு தண்டனை. தோட்டின் திருகாணி காதுக்குப் பின்னால் குத்தும். தலையில் பூ வைத்திருந்தால் வளைவு எங்கே உட்காரும்? மூக்குக்கண்ணாடி போட்டவர் பாடும் திண்டாட்டமே. கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிவிடும். அந்த இடுக்கு வழியே கீழ்ஸ்தாயி ஒலி வெளியே ஓடிவிடும். கொடுத்த காசில் கால்வாசி அந்த இடுக்கோடு போயிற்று.

ஆகையால் கடைக்குப் போகிறவர்கள் கூச்சப்படாமல் அரைமணி நேரம் போட்டுப் பார்க்க வேண்டும். தாம் தினம் போடும் கண்ணாடியோடு, தாம் தினம் போடும் தோட்டோடு. “அண்ணா, ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்க” என்று கேட்டாலும் தப்பில்லை. கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை இருக்கிறது.

சத்தத்தை விழுங்கும் மாயம்

முப்பதாயிரம் ரூபாய் ஹெட்போனில் பெரிய கவர்ச்சி, வெளிச் சத்தத்தை அடக்கும் வித்தை. இதில் பெரும் பங்கு அமர் போஸ் என்பவருடையது. வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன சுதந்திரப் போராட்டக்காரரின் மகன். 1978-ல் விமானத்தில் பயணம் செய்தபோது, எஞ்சின் இரைச்சலில் பாட்டே கேட்கவில்லையே என்று யோசித்தாராம். 1989-ல் விமானிகளுக்கு வந்தது, 2000-ல் பொதுமக்களுக்கு வந்தது.

வித்தை இதுதான். கிண்ணத்தில் இருக்கும் சின்ன மைக் வெளிச் சத்தத்தைக் கேட்கிறது. உடனே அதற்கு நேர் எதிரான ஒலி அலையை உள்ளே உண்டாக்குகிறது. அலையும் எதிர் அலையும் மோதி அடங்குகின்றன. நாமக்கல்லிலிருந்து சென்னைக்கு இரவு பஸ்சில் போகிறவருக்கு இது வரப்பிரசாதம். ‘ஊம்’ என்று ஒரே சீராக உறுமும் எஞ்சின் சத்தம் அப்படியே கரைந்துவிடும். பாட்டின் சத்தத்தைக் குறைத்தே கேட்கலாம். காதுக்கும் நல்லது.

ஆனால் தறிக்கு இந்த வித்தை பலிப்பதில்லை! குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு, தாரமங்கலம், ஜலகண்டாபுரம் என்று இந்தச் சீமை முழுவதும் விசைத்தறி. தறியின் சத்தம் உறுமல் அல்ல, அடி. கட்டை நாடாவை அடிக்கிறது, நாடா பாய்ந்து மறுபக்கம் மோதுகிறது. நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல். ‘டடக், டடக்’ என்று வெட்டி வெட்டி வரும் கூர்மையான சத்தத்துக்கு எதிர் அலை எழுப்ப அந்தச் சின்னக் கருவிக்கு அவகாசம் போதாது. அடங்குவது கொஞ்சம், அடங்காதது நிறைய.

விபரீதம் இங்கேதான். பட்டறையில் பொழுது போகவேண்டுமே என்று இளைஞர்கள் காதில் இயர்போன் செருகிக்கொள்கிறார்கள். தறிச் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். பாட்டுக் கேட்கவேண்டுமானால் அதற்கும் மேலே சத்தத்தை ஏற்ற வேண்டும். அதாவது, இரைச்சலை மறைக்க இரைச்சல்!

உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் கணக்கைப் பாருங்கள். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம். 100 என்றால் வாரத்துக்கு 20 நிமிஷம்! நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஷிப்ட் பார்க்கிறவர், திங்கட்கிழமை டீக் குடிக்கப் போவதற்குள்ளேயே ஒரு வாரத்துப் பங்கைத் தீர்த்துவிடுகிறார்.

உட்காதில் சுமார் 15,000 நுண்ணிய மயிர் உயிரணுக்கள் இருக்கின்றன. செத்தது மறுபடி முளைக்காது. முதலில் போவது உயர்ந்த ஒலி. ஆகையால் ஆரம்பத்தில் தெரியாது. பேச்சு காதில் விழும், ஆனால் வார்த்தை பிடிபடாது. ‘பத்து’ என்றாரா, ‘பட்டு’ என்றாரா? கல்யாண வீட்டில் நாலு பேர் பேசும்போது சும்மா சிரித்து வைக்க வேண்டியிருக்கும். பத்து வருஷம் தறி ஓட்டியவரைக் கேட்டால், “எனக்கென்னங்க, நல்லாத்தான் கேக்குது” என்பார். வீட்டுக்காரம்மாவைக் கேட்டால் உண்மை வரும். அந்தக் காதுக்கு அப்புறம் முப்பதாயிரம் ரூபாய் ஹெட்போன் எதற்கு?

திருச்செங்கோட்டிலிருந்து ஊர் ஊராகப் போகும் ரிக் வண்டிகளில் கம்பிரஸர் பக்கம் நிற்பவர்களுக்கும் இதே கதைதான்.

பட்டறையில் காதுக்கு வேண்டியது பாடும் கிண்ணம் அல்ல, பாடாத கிண்ணம். காதை மூடும் காப்புக் கவசம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சரியாகப் பொருந்தினால் 20 டெசிபலுக்கு மேல் குறைக்கும். வேர்க்கிறது என்பவருக்குக் காதுக்குள் வைக்கும் நுரைத் தக்கை இருக்கிறது, அதற்குச் சில ரூபாய்தான். பஞ்சு வைத்துக்கொள்வது பஞ்சுக்கு நஷ்டம், காதுக்கு லாபம் இல்லை. இதைத் தொழிலாளி தம் கைக்காசில் வாங்கட்டும் என்று முதலாளி சும்மா இருப்பது நியாயம் அல்ல. ஒரு தறிக்குச் செலவாகும் எண்ணெய்க்கு ஆகும் காசுகூட இதற்கு ஆகாது. வருஷத்துக்கு ஒரு தடவை சேலம் அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போய்க் காதைப் பரிசோதித்துக்கொள்ளவும் ஆட்களுக்கு அரை நாள் லீவு கொடுக்கலாம்.

கவசம் என்றதும் தறிக்காரர்கள் சொல்லும் ஆட்சேபணை ஒன்று உண்டு. “காதை மூடிட்டா நூல் அறுந்தது எப்படிங்க தெரியும்? தறியோட சத்தத்தை வெச்சுத்தானே ஓட்டறோம்?” நியாயமான கேள்வி. ஆனால் கவசம் சத்தத்தை ஒழிப்பதில்லை, தணிக்கிறது. எல்லாச் சத்தமும் சேர்ந்து குறையும்போது ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம் அப்படியே இருக்கிறது. முதல் இரண்டு நாள் விசித்திரமாகத் தோன்றும். பழகிய பிறகு தறியின் தாளம் பிசகினால் தெரியும். பக்கத்துத் தறிக்காரர் “அண்ணா, தார் தீர்ந்துடுச்சு!” என்று கத்துவதும் காதில் விழும்.