வள்ளல் என்னும் வசதியான சொல்

பாண்டித்துரைத் தேவரை (1867–1911) ‘வள்ளல்’ என்று சொல்லி முடித்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது. பாலவநத்தம் ஜமீன்தாரான அவர் தந்தது பணம் மட்டுமன்று. 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவி, பழஞ்சுவடிகள் சேரவும் அச்சேறவும் வழிசெய்தார். ஆதரிப்பாரின்றிக் கிடந்த சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் சங்கத்தின் வழியே வெளிவந்தது. 1906இல் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவரானார். ஜமீன்கள் வெள்ளையர் தயவில் நின்ற காலம் அது.

அச்செல்வம் குடியானவரின் வியர்வை என்பர். மறுக்கவில்லை. ஆனால் இன்று வாலாஜாபாத் முதல் ஒரகடம் வரை, தொழிற்சாலைகளால் நிலம் விலையேறிச் செல்வரானோர் பலர். அந்தப் பணத்தில் எத்தனை சுவடிகள் அச்சேறின? பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் படித்தறிய எவ்வளவு செலவாயிற்று? இதற்கு விடை சொன்னபின் தேவரைப் புகழலாம்.