இயக்குவோரும் ஆக்குவோரும்

ஆண்டிப்பட்டிக்கருகில் வைகையாற்றை மறித்துக் கட்டிய அணை, காமராசர் முதலமைச்சராயிருந்த 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. 71 அடி உயரம் நீர் தேக்கும் அவ்வணையின் மதகுகளை ஏற்றி இறக்கப் பொறிகள் உண்டு. அணையடியில் மின்னாக்கும் சுழலிகள் உண்டு. மேற்கே கூடலூரை அடுத்த பெரியாற்று மின்னிலையத்தில், மலையினின்று குழாய்வழி விழும் நீர் பெருஞ்சுழலிகளைச் சுழற்றிவிட்டே வைகையை நோக்கி வருகின்றது. தேனிப் பக்கத்துப் பஞ்சாலைகளிலும், ஆண்டிப்பட்டி வட்டத்து விசைத்தறிக் கூடங்களிலும், அணையை அடுத்த சருக்கரை ஆலையிலும் பொறிகள் இரவு பகலாக ஓடுகின்றன.

இத்தனை பொறிகளுக்கு நடுவே பிறந்து வளரும் இளைஞன் ஒருவன், ஒரு பொறியைத் தன் கையாற் படைக்கும் வேலையைத் தேடுவானாயின், கோவைக்கோ ஓசூருக்கோ பேருந்தேற வேண்டியவனாகின்றான். சென்ற இடத்திலும் அவனுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பொறியை ஓட்டும் வேலையே. பொறியை ஆக்கும் வேலையன்று. இதன் கரணியத்தைத் தமிழர் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

பொறியை இயக்குவது வேறு; ஆக்குவது வேறு. இயக்குவோன் விசையை அழுத்துகின்றான், பொருளை வைக்கின்றான், எடுக்கின்றான். ஆக்குவோன் வேலையோ வரைபடத்தில் தொடங்குகின்றது. அவன் அடித்தளத்தை மட்டம் பார்த்து நிறுத்துகின்றான். தண்டையும் தாங்கியையும் இம்மியும் பிறழாமற் பொருத்துகின்றான். பல்லிணைகள் ஒன்றையொன்று கவ்வுமிடத்தைச் சீர்செய்கின்றான். எண்ணெயழுத்தக் குழாய்களையும் மின்கம்பிகளையும் இணைக்கின்றான். இறுதியிற் பொறியை ஓடவிட்டு, அதன் ஒலியைக் கேட்டே குறையறிந்து திருத்துகின்றான். ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் அவன் கை அறிந்துகொள்ளும். புதுப்பொறி ஒன்று வந்தால் இயக்குவோர் பதின்மர் வேலையிழப்பர். அப்புதுப்பொறியைப் படைத்தவனோ அடுத்த பொறிக்குப் போவான். ஆகலின், ஒரு மக்களினத்தில் எத்துணைப் பேர் பொறி ஓட்டுகின்றனர் என்பதினும், எத்துணைப் பேர் பொறி படைக்கின்றனர் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

கோவை பிறவியிலேயே பொறிநகராயிருந்ததா எனின், அன்று. 1888-இல் அங்கு முதல் நூற்பாலை எழுந்தபோது பொறிகள் கப்பலேறி வந்தன. பொறி பழுதுற்றால் மாற்றுறுப்பும் கப்பலேறியே வரல் வேண்டும். காத்திருக்க மாட்டாத ஆலைகளுக்கு ஊர்ப் பட்டறைகள் உறுப்புகளை வார்த்தும் கடைந்தும் கொடுத்தன. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்னாற்றல் வந்ததும், கிணற்று நீரிறைக்கப் பொறிகள் வேண்டியிருந்தன. பட்டறைகள் அவற்றையும் செய்தன. பள்ளிப் படிப்பைத் தொடக்க நிலையிலேயே விட்டுவிட்ட கோ. து. நாயுடு எனப்பெறும் துரைசாமியார், உணவகத்தில் வேலைசெய்து பணஞ்சேர்த்து, ஈருருளை விசைவண்டி ஒன்றை வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டியே பொறியறிவு பெற்றார். அவரும் பாலசுந்தரனாரும் சேர்ந்து 1937-இல் மின்னோடியை உள்நாட்டிலேயே செய்து காட்டினர். 1955-இல் சபாபதி என்பார் மாவரைக்கும் ஆட்டுக்கல்லுக்கு மின்னோடி பூட்டினார். இன்று அம்மாவரைபொறி இல்லாத தமிழ்வீடு அரிது. 1962-இல் தொடங்கிய இலட்சுமி எந்திரத் தொழிலகம், சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றன் நுட்பத்தைப் பெற்று, அற்றைநாட் கப்பலில் வந்த நூற்புப் பொறிகளைக் கோவையிலேயே செய்யலாயிற்று.

இவ்வரலாறு புலப்படுத்தும் உண்மை ஒன்றுண்டு. பழுது பார்த்தவரே பின்னர்ப் பொறி படைத்தனர். அருகிலிருந்த வயலும் ஆலையும் அடுக்களையும் என்ன கேட்டனவோ, அதையே படைத்தனர். தேவையும் கையும் ஓரூரில் இருந்தன. அவ்விரண்டும் ஒரே மொழி பேசின.

வைகையணைப் பக்கத்திலும் தேவைக்குக் குறைவில்லை. போடியில் ஏலக்காயை உலர்த்தவும் பருமன்வாரியாகப் பிரிக்கவும் பொறி வேண்டும். கம்பத்துக் கொடிமுந்திரிக்கும், சின்னமனூர் வாழைக்கும், தென்னந்தோப்புகளுக்கும் பொறி வேண்டும். சக்கம்பட்டி நெசவாளர்க்குத் தறியின் குறைகளைக் களையும் பொறியுறுப்புகள் வேண்டும். கைக்கும் குறைவில்லை. வண்டிக்கு ஆரைக்காலும் குடமும் வட்டையும் சேர்த்து, ஏறிச் செல்லும் சுமைக்கேற்ப அச்சு பொருத்திய தச்சரும் கொல்லரும் வாழ்ந்த மண் அது. கரும்பு பிழியும் எந்திரம் கழக நூல்களிலேயே பேசப்படுகின்றது. அக்கரும்பு பிழியும் பொறிக்கு வழங்கிய ஆலை என்னும் சொல்லே, இன்று எல்லாத் தொழிற்கூடங்கட்கும் பெயராகி நிற்கின்றது.

அங்ஙனமாயின் தடை எங்குள்ளது?

ஆண்டிப்பட்டி வட்டத்து நெசவாளி மகன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு முடித்துத் தொழிற்பயிற்சி நிலையத்திற் சேர்ந்து, ஈராண்டு பொருத்துநர் பயிற்சி பெறுகின்றான். அரம் பிடிக்கவும், துளையிடவும், மரை வெட்டவும் அவன் கை பழகிவிடுகின்றது. தந்தையின் தறியில் எந்தக் கயிறு எப்போது தளரும் என்பதைப் பத்து அகவையிலேயே அறிந்தவன் அவன். ஆனால், வேலைக்கு அழைத்தவர் அவன் கையைப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் தன்னைப் பற்றிச் சொல்லச் சொல்லுகின்றனர். அவன் நாத் தடுமாறுகின்றது. ஓட்டுநன் வேலைக்கு அவன் போதும் என்று முடிவாகின்றது. வரைபடத்தின் ஓரத்தில் எழுதிய நான்கு வரிக் குறிப்பு அவனுக்கு விளங்காமையால், அவ்வரைபடம் வேறொருவன் கைக்குப் போகின்றது. கோட்டுக்கு மொழியில்லை, அளவுக்கு மொழியில்லை, இடையில் நின்ற நான்கு வரிகளே அவன் வாழ்நாளை இரண்டாகப் பிளந்துவிடுகின்றன.

பொறிக் கையேடுகள் அயல்மொழியில் வருகின்றனவே, ஆங்கிலமின்றி எங்ஙனம் முடியும் என்று கேட்பாருளர். கேள்வி தக்கதே. பொறியாக்கத்தில் முன்னிற்கும் செருமானியர் தம் தொழிற்பழகுநர்க்குச் செருமானியத்திற் கற்பிக்கின்றனர். சப்பானியர் சப்பானியத்திற் கற்பிக்கின்றனர். அயல்மொழி அவர்கட்கும் வேண்டியதே. ஆயின் அதை மேல்மாடிச் சாளரமாக வைத்தனரேயன்றி, வீட்டு வாயிலாக வைக்கவில்லை. தமிழிளைஞனும் ஆங்கிலக் கையேட்டைப் படிக்கும் அளவிற்கு அம்மொழியைக் கற்றுக்கொள்ளட்டும், அது கருவியறிவு. அரம் பிடிக்கும் முன்னரே அதை அவன் கழுத்தில் தளையாக மாட்டுதல்தான் கேடு.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்வதற்கில்லை. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கிற்று. அவ்வாண்டே, தமிழ்வழிப் பயின்றோர்க்கு அரசுப் பணியமர்த்தத்தில் 20 விழுக்காட்டு முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. ஆயினும் 2023 மே திங்களில், சேர்க்கை குறைந்ததென்று உறுப்புக் கல்லூரிகள் பலவற்றில் அப்பிரிவுகளை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பெழுந்தபின் அது திரும்பப் பெறப்பட்டது. அறிவிப்பு நீங்கிற்று, நோய் நீங்கவில்லை. ஏனெனின், அம்முன்னுரிமை அரசு அலுவலகத்தின் வாயிலோடு நின்றுவிடுகின்றது. பொறி பிறக்கும் இடமோ தனியார் பட்டறை. அதன் வாயிலில் தமிழுக்கு இடமில்லாதவரை, எந்தத் தந்தை தன் மகனைத் தமிழ்வழியிற் பொறியியல் படிக்க அனுப்புவான்?

தமிழன்பர் பக்கத்துக் குறையையும் மறைத்தல் தகாது. பொறியியலுக்குச் சொற்கள் ஆயிரக்கணக்கிற் புனையப்பெற்றன, அவை அச்சேறின, அடுக்கில் உறங்குகின்றன. கடைசல், மரை, திருகு, குறடு, பட்டடை, துருத்தி, கடையாணி, விழுது, படைமரம் என்று கொல்லர் நாவிலும் நெசவாளர் நாவிலும் உயிரோடு வழங்கிய சொற்களை, உலைக்களத்திற்கும் தறிக்குழிக்கும் சென்று கேட்டுக் குறித்துக்கொண்டவர் சிலரே. கைத்தொழிலாளன் வாயிற் பிறவாத சொல், அவன் வேலைக்கு உதவாது. புதுச்சொல்லும் பட்டறையில் ஒலித்தாலன்றி உயிர் பெறாது.

ஆதலின் செய்யத்தக்கவை இவை. தொழிற்கூடம் நடத்தும் தமிழர், பொருத்துநனைத் தேரும்போது ஓர் இரும்புத் துண்டையும் அரத்தையும் வரைபடத்தையும் அவன் கையிற் கொடுத்துத் தேர்க. வரைபடக் குறிப்பைத் தமிழிலும் எழுதுக. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி எடுக்கும் பழகுநரைப் பெருக்குவேலைக்கும் சுமைவேலைக்கும் விடாமல், பொறி பூட்டுமிடத்தில் நிறுத்துக. அரசு, தேனியிலும் ஆண்டிப்பட்டியிலும் உழவரும் நெசவாளரும் தம் தேவையைச் சொல்ல, பயிற்சி நிலைய இளைஞர் அதற்கேற்ற பொறியை ஆக்கிப் பார்க்கும் பொதுப் பட்டறைகளை அமைக்க. இளைஞனும் வேலை தேடிச் செல்லுங்கால் சான்றிதழை மட்டும் கொண்டு செல்லாமல், தான் செய்த ஒரு பூட்டையோ பல்லிணையையோ கொண்டு செல்க. பழுது பார்க்கும் வேலை கிடைத்தால் அதைத் தாழ்வென்று தள்ளற்க. கோவையின் பொறித்தொழில் முழுதும் அப்படியின் மேலேறி வந்ததே.

அணை கட்டுமுன் வைகை வெள்ளம் வீணே ஓடிற்று. மறித்துத் தேக்கியபின் அதே நீர் வயலுக்குப் பாய்கின்றது, மின்னும் தருகின்றது. தேனிப் பக்கத்து இளைஞர்தம் கையாற்றலோ, ஆண்டுதோறும் பேருந்தேறி வெளியே ஓடிக்கொண்டிருக்கின்றது. அதைத் தேக்கும் அணை இன்னும் கட்டப்படவில்லை. அதைக் கட்டுவதற்கு அயல்நாட்டுப் பொறி வேண்டா. தமிழ் பேசும் பட்டறை வேண்டும்.